ஏழுமலையின் பாதி பேசவில்லை

கலெக்டர் ஆபீஸ் கணினிப் பிரிவில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது பாஸ்கர் உட்கார்ந்திருக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், ஊழியர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றான்.

"உங்க அனுபவத்தை எழுதுங்க சார். ஆனா அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் ஒரு ரூம் சைசுல இருந்துச்சுன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. போன மலர்ல மூணு பேரு அதையே எழுதிட்டாங்க."

வாய் ஜாஸ்தி அவனுக்கு. நான் கணினிப் பிரிவுக்கு வந்தபோதே கணினி மேசை மேல் அடங்கிவிட்டது; அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வழியில்லை. காபி குடித்துவிட்டுச் செருப்பை மாட்டும்போது இன்னொன்றும் சொன்னான்.

"இப்பல்லாம் ரிப்பேர்னு ஒண்ணும் இல்ல சார். எது மக்கர் பண்ணாலும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடறோம். இருபது நிமிஷம்."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். நானும் ஒரு காலத்தில் அதே பெருமையோடு அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் பெருமையால் ஒரு மனிதரின் இரண்டு வருட உழைப்பை அழிக்க இருந்தேன். அழிக்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். அவர்களைப் பற்றி எழுதுவதே இந்த மலருக்கு உருப்படியான காரியம் என்று பட்டது.

நான் முதலில் டைப்பிஸ்ட். விவசாயக் குடும்பம், வீட்டில் முதலில் கையில் மண் படாமல் சம்பளம் வாங்கியவன் நான்தான். வேலூரில் பத்து வருடம் தட்டச்சு. எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனதும், சொந்த ஊர்ப்பக்கம் என்று எழுதிக் கொடுத்து வந்து சேர்ந்தேன். சில வருடம் கழித்துக் கணினி வந்தது. "டைப் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சென்னையில் ஆறு வாரப் பயிற்சி. அதில் நான் கற்றது, எந்த மெஸ்ஸில் மோர்க்குழம்பு நன்றாக இருக்கும் என்பது மட்டும். தொழில் கற்றது கலைவாணி மேடத்திடம்.

மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. எனக்கு நாற்பது. என் அக்கா மகளும் அதே வயது; அவளை நான் இன்னும் "ஏய்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணிடம் போய்க் கையெழுத்து வாங்க வேண்டுமா என்று முதல் மாதம் முழுவதும் எனக்குள் ஒரு புகைச்சல். அவர் அதைக் கவனித்தாரா, கவனித்தும் விட்டுவிட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

மேடத்திடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மெஷின் பழுது என்று கூப்பிட்டாலும் போய், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தொட மாட்டார். என்னையும் தொட விட மாட்டார். ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில். திரையில் என்ன இருக்கிறதோ அதை முதல் வரியிலிருந்து நான் நோட்டில் எழுத வேண்டும். பெரிய எழுத்து என்றால் பெரிய எழுத்து, புள்ளி இருந்தால் புள்ளி. எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். நான் படிக்கும்போது அவர் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு அந்த மெஷினில் வேலை பார்த்தவரிடம் ஒரே ஒரு கேள்வி.

"கடைசியா எப்ப நல்லா வேலை செஞ்சுது?"

"என்ன பண்ணீங்க?" என்று ஒருபோதும் கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் நம் ஆபீசில் யாராக இருந்தாலும் "நான் ஒண்ணுமே பண்ணல" என்பார்கள். மேடத்தின் கேள்விக்கு மட்டும் ஜனங்கள் யோசித்துப் பதில் சொன்னார்கள்.

ஒரு சம்பவம் மறக்காது. அப்போது பிளாப்பி காலம். ஒரு நாள் காலை பெரிய மெஷின் கிளம்பவில்லை. கறுப்புத் திரை, இரண்டு வரி ஆங்கிலம். மேடம் அன்று மீட்டிங்கில் இருந்தார். நாங்கள் பதறிப்போய் சென்னைக்கு டிரங்கால் போட்டு எஞ்சினியரை வரச் சொல்லிவிட்டோம். அவரும் பஸ் ஏறிவிட்டார். மேடம் திரும்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "எழுதுங்க சார்" என்றார். எழுதினேன். "படிங்க." சிஸ்டம் இல்லாத டிஸ்க் என்று முதல் வரியைப் படித்தேன்.

"அடுத்த வரி?"

அதை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு கட்டையை அழுத்தச் சொல்லியிருந்தது. மெஷினின் வாயில் முந்தின நாள் போட்ட பிளாப்பி அப்படியே இருந்தது. எடுத்தேன், கிளம்பிவிட்டது. சென்னை எஞ்சினியர் செங்கல்பட்டு தாண்டி வந்துகொண்டிருந்திருப்பார்.

நோட்டின் கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். "டிரைவில் பிளாப்பி இருந்தது" என்று மேடம் சொல்ல, எழுதினேன். எங்கள் செக்‌ஷன் கிளார்க்குக்குத் தாங்கவில்லை.

"அது தானா போயி உக்காந்துக்குமா மேடம்? யாரு விட்டதுன்னு போடுங்க."

"இது மெஷின் நோட்டு சார். ஆளுங்க நோட்டு இல்ல" என்றார் மேடம்.

பிளாப்பியை விட்டவன் நான்தான். அது அவருக்கும் தெரியும். அன்றோடு என் புகைச்சல் அடங்கியது. அவருக்குக் கீழே வேலை செய்த ஆறு வருடங்களும் என் வேலை நாட்களில் நல்ல நாட்கள். இதை அவரிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாற்றலாகிப் போகும்போது அந்த நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் நான் நோட்டில் எழுதினேன். பிறகு முக்கியமானதை மட்டும் எழுதினேன். பிறகு கடைசி வரியை மட்டும் பார்த்தேன். வேலை பழகப் பழக மனிதனுக்குக் கொழுப்பு ஏறுகிறது. ஆபீஸ் வேங்கிக்கால் கட்டடத்துக்கு மாறி, மெஷின்கள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது நானும், "அழிச்சிட்டு ஏத்திடலாம், இருபது நிமிஷம்" என்று சொல்லும் ஆளாகியிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டமும் வந்தது. சில மெஷின்களில் இரண்டையும் வைத்திருந்தோம். திறக்கும்போது இரண்டு பெயர் வரும்; எது வேண்டுமோ அதில் நுழையலாம். லினக்ஸை நான் பாதி புத்தகத்திலும் பாதி கெடுத்தும் கற்றேன்.

இனி ஏழுமலை.

ஏழுமலை எங்கள் ஆபீசின் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஊர் அடி அண்ணாமலை. தபாலில் படித்து ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவர். குரலைக் கேட்டே எந்த தாசில்தார், எந்த மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார். ஆபீசில் எல்லோரும் அவரை வா போ என்றுதான் பேசினோம், நானும் அப்படித்தான். எழுதும்போது அப்படி வரவில்லை.

அவரிடம் ஒரு லேப்டாப் இருந்தது. ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. கொடுக்கும் முன் அதில் லினக்ஸை ஏற்றி, திரையில் இருப்பதை ஆங்கிலத்தில் படித்துச் சொல்லும் நிரலையும் போட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து பழக்கியும் விட்டிருந்தார். ஏற்கெனவே இருந்த விண்டோஸையும் அப்படியே விட்டுவைத்தார். ஆக ஒரே லேப்டாப்பில் இரண்டு பாதி. பேசும் பாதி ஏழுமலைக்கு. பேசாத பாதி அவர் மனைவி தனத்துக்கு.

தனத்துக்குக் கிரிவலப் பாதையில் ஒரு பெட்டிக்கடை. கற்பூரம், தண்ணீர் பாட்டில், எலுமிச்சம்பழம். பௌர்ணமி அன்று மட்டும் கடைக்கு முன்னால் ஒரு பலகை தொங்கும்: கம்ப்யூட்டர் ஜாதகம். பிறந்த தேதியும் நேரமும் சொன்னால் விண்டோஸ் பாதியில் ஒரு மென்பொருள் கட்டம் போட்டுக் கொடுக்கும். தனம் பிரிண்ட் எடுத்து மஞ்சள் தடவிக் கொடுப்பாள். நல்ல ஓட்டம். ஏழுமலைக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. எம்.ஏ. படித்தவன் வீட்டில் ஜாதக வியாபாரமா என்று ஒரு கூச்சம். ஆபீசில் யாராவது, "இன்னிக்கு உங்க வீட்டுல எத்தினி பேருக்கு ராஜயோகம்?" என்று சீண்டினால் போதும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிடுவார்.

அவருக்கு வேறு ஒரு யோகம் வேண்டியிருந்தது. அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை. அதற்கான தேர்வை இரண்டு முறை எழுதித் தவறியிருந்தார். இது மூன்றாவது. "இதோட விட்டுடுவேன் சார், இனிமே தனத்தைப் பாடுபடுத்தக் கூடாது" என்று சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பெண்கள் இருவர் வந்து புத்தகங்களை வாசிப்பார்கள். இவர் கேட்டுக்கொண்டே அந்த லேப்டாப்பில் அடித்து வைப்பார். ஆபீசில் ஒரு காதில் எக்ஸ்சேஞ்ச், இன்னொரு காதில் அந்த நோட்ஸ். அவருக்குப் படிப்பு என்றால் அதுதான். வேறு புத்தகம் அவருக்குக் கிடையாது.

பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் பௌர்ணமி. வரும் ஞாயிறு தேர்வு. மதியச் சாப்பாடு முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஏழுமலை லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சார், பேச மாட்டேங்குது."

"எது?"

"என் பாதி. காலைலேருந்து போட்டுப் போட்டுப் பாக்கறேன். வழக்கமா ஒரு நிமிஷத்துல வணக்கம் சொல்லும். சத்தமே இல்ல."

"தனத்தோட பாதி?"

"அது நல்லா வருதாம். பக்கத்து சீட்டு அம்மா பாத்துச் சொன்னாங்க. சாப்பாட்டு நேரத்துல ஆட்டோ புடிச்சி செங்கம் ரோடு கடைக்குப் போனேன். ரெண்டாவது சிஸ்டம் செத்துப்போச்சு, மொத்தமா அழிச்சிட்டு விண்டோஸ் மட்டும் போட்டுடலாம்னு சொன்னான். புடுங்கிக்கிட்டு வந்துட்டேன்."

"நோட்ஸ் எல்லாம்?"

"அதுக்குள்ளதான் சார்."

"காப்பி எடுத்து வச்சிருக்கியா?"

அவர் லேப்டாப்பை இன்னும் இறுக்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, "பொங்கல் கழிச்சி எடுத்துத் தரேன்னு நீங்க சொன்னீங்க சார்" என்றார்.

சொல்லியிருந்தேன். பொங்கல் கழிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் குரலில் குறை எதுவும் இல்லை. 

லேப்டாப்பை வாங்கித் திறந்தேன். இரண்டு பெயர்களும் வந்தன. லினக்ஸில் நுழைந்தேன். வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடி, ஒரு இடத்தில் நின்றுவிட்டது. என் கண் நேரே அடிவரிக்குப் போனது. எதிர்பாராத முரண்பாடு, நீயே கைப்படச் சரிபார் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே பாஸ்வேர்டு கேட்டுக் காத்துக்கொண்டிருந்தது. குரல் கொடுக்கும் இடம் வரைக்கும் அது வரவே இல்லை. அதே செய்தியை நான் முன்பு இரண்டு மெஷின்களில் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் டிஸ்க் போயிருந்தது.

"டிஸ்க் போயிடுச்சு ஏழுமலை" என்றேன்.

"போயிடுச்சுன்னா சார்?"

"திரும்ப வர்றது கஷ்டம்பா."

அவர் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை பரீட்சை சார்" என்றார்.  நானும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று, "ஒரு முயற்சி பண்ணிப் பாக்கலாம், பாஸ்வேர்டு சொல்லு" என்றேன்.

"நானே அடிக்கறேன் சார்."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். விரலால் கட்டைகளைத் தடவி இடம் பிடித்து, ஒரே மூச்சில் அடித்து முடித்தார். ஏற்றுக்கொண்டது. நான் இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தேன். பழுது பார்க்கும் கட்டளை. வழியில் எதைக் கேட்டாலும் சரி என்று தானே சொல்லிக்கொள்ளும்படி ஒரு வால்.

"என்னா அடிக்கறீங்க சார்?"

"சரிபண்ணச் சொல்றேன். எது கேட்டாலும் சரின்னு போட்டுக்கச் சொல்றேன்."

"அது என்னா கேக்கும்?"

"உடைஞ்சி கிடக்கறதைத் தூக்கிப் போட்டுடட்டுமான்னு கேக்கும்."

"அதுல என் நோட்ஸும் போகலாமா?"

"போகலாம்" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

அவர் சொன்னார்: "சார், அதுல என்னா எழுதியிருக்குதுன்னு நீங்க எனக்கு இன்னும் படிக்கவே இல்லியே."

 திரை முழுக்க எழுத்து. எதிரே நிற்பவர் அதைப் பார்க்க முடியாதவர். அதில் இருப்பது அவருடைய இரண்டு வருடம். நான் அவருக்கு ஒரு வரிகூடப் படித்துக் காட்டாமல் தீர்ப்பு சொல்லி, அழிக்கவும் கை வைத்திருந்தேன். தட்டிய கட்டளையை அப்படியே விட்டுவிட்டு, என்டர் கட்டையிலிருந்து விரலை எடுத்தேன். எழுந்து நின்றேன். மேடம் நின்ற மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பீரோவிலிருந்து பழைய நோட்டை எடுத்து, பென்சில் தேடி, எழுதினேன். பிறகு படித்தேன்.

"மேல இருந்து சார். ஒண்ணு விடாம."

மேலிருந்து படித்தேன். டிஸ்க்கின் பெயர், கொள்ளளவு, எனக்கே அர்த்தம் தெரியாத எண்கள். ஒவ்வொரு வரிக்கும் "ம்" என்றார், போனில் தாக்கீது வாங்கிக்கொள்ளும் குரலில். கொட்டை எழுத்துக்கு இரண்டு வரி மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி. அதுவரை நான் பார்க்காத வரி. இந்த டிஸ்க் கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

"ம்" வரவில்லை.

"அதை இன்னொரு தரம் படிங்க சார்."

படித்தேன்.

"கடைசியா நான் தொறந்தது ஞாயித்துக்கிழமை. அது முடிஞ்சிபோன சமாச்சாரம். அது எப்படி சார் இனிமேப்பட்டு நடக்கும்?" நெற்றியைத் தேய்த்தார். "அப்ப இன்னிக்கு என்னா தேதின்னு இந்த மெஷினுக்குத் தெரியல. ஞாயித்துக்கிழமைக்கும் முன்னாடி எங்கியோ போயி நிக்குது. தேதி என்னா காட்டுதுன்னு பாருங்க."

தட்டி வைத்திருந்த கட்டளையை அழித்துவிட்டுத் தேதியைக் கேட்டேன். ஜூலை என்றது. போன வருட ஜூலை.

"ஆடி மாசத்துல இருக்குது ஏழுமலை!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை. லினக்ஸ் கணக்கில் கறார். தன் கடைசிப் பதிவு மார்ச்சிலும் இன்றைய தேதி அதற்கு முந்தின ஜூலையிலுமாக இருந்ததும், இது சரியில்லை, ஆள் வந்து பார்க்கட்டும் என்று நின்றுவிட்டது. விண்டோஸுக்கு அந்தக் கவலை இல்லை. எந்தத் தேதியைச் சொன்னாலும் தலையாட்டும். மெஷினை நிறுத்தி, திறக்கும்போதே உள்ளமைப்புக்குள் போய், தேதியைத் திருத்தி, மறுபடி திறந்தேன். எழுத்து ஓடியது. நின்ற இடத்தைத் தாண்டியது. திரை நீலமானது. அந்த மரத்துப்போன இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது.

ஏழுமலை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் முதல் வேலையாக நோட்ஸ் முழுவதையும் இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றை அவர் சட்டைப் பையில் போட்டேன். 

கடிகாரம் எட்டு மாதம் பின்னால் போனது எப்படி என்பது பாக்கி. மேடத்தின் கேள்வியைக் கேட்டேன்.

"கடைசியா எப்ப நல்லா வேலை செஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி." கொஞ்சம் யோசித்தார். "நேத்து பௌர்ணமி. மெஷின் தனத்துகிட்ட இருந்துச்சு."

பிறகு அவரே சொன்னார். தனம் வைத்திருந்த ஜாதக மென்பொருள் முப்பது நாள் பார்க்கக் கொடுக்கும் மாதிரிப் பதிப்பு. போன ஆடியில் அவளுடைய அண்ணன் மகன் ஏற்றிக் கொடுத்தான். முப்பது நாள் முடிந்ததும் அது திறக்கவில்லை. அவனே ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தது, தனம் அறியாமல், இவர் காதிலும் விழுந்திருந்தது: கடைக்குப் போனதும் தேதியை ஆடிக்குத் திருப்பு, முடிந்ததும் பழையபடி வை. தனம் ஒவ்வொரு பௌர்ணமியும் தவறாமல் அதைச் செய்து, மறக்காமல் திருப்பியும் வைத்திருக்கிறாள். நேற்று கடையில் கூட்டம் நெரியும்போது கரண்ட் போனதென்று ராத்திரி அவளே புலம்பியிருக்கிறாள்; பழைய பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. தேதி ஆடியிலேயே நின்றுவிட்டது.

வந்தவர்களின் நேரத்தையெல்லாம் கணித்துக் கொடுத்த மெஷின் தன் நேரத்தைத் தொலைத்த கதை! எனக்குச் சிரிப்பு வந்தாலும் கோபம் அதைவிட அதிகமாக வந்தது. "சாயந்திரம் தனம் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போக வரும் இல்ல? நான் பேசறேன். இந்தத் திருட்டுத்தனம் எல்லாம் வேணாம்னு கண்டிச்சி வைக்கறேன்" என்றேன்.

"வேணாம் சார்."

"இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா? அடுத்த பௌர்ணமிக்கும் திருப்ப மறந்துடுச்சுன்னா?"

"அதைத்தான் சார் கேக்கணும்னு இருந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "அவ தேதியத் திருப்பினா திருப்பிக்கட்டும். அவ கடை ஓடினாத்தான் ஞாயித்துக்கிழமைல நான் உக்காந்து படிக்க முடியுது. என் பாதி அதைக் கண்டுக்காம இருக்கற மாதிரி பண்ண முடியுமா?"

முடியும். எனக்கு அப்போது தெரியாது. கையேட்டில் தேட முக்கால் மணி நேரம் பிடித்தது. கடிகாரத்தை நம்ப வேண்டாம், அதற்காக நிற்க வேண்டாம் என்று ஒரு கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தேன். நானே தேதியை ஆடிக்குத் திருப்பி, திறந்து பார்த்தேன். ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, நிற்காமல் போய் வணக்கம் சொன்னது. தேதியைச் சரியாக வைத்துக் கொடுத்தேன். லேப்டாப் அரசாங்கத்தினுடையது இல்லை. இருந்தாலும் மேடத்தின் நோட்டில் எழுதினேன். காரணம்: கடிகாரம் எட்டு மாதம் பின்னால் இருந்தது.

ஐந்து மணிக்குத் தனம் வண்டியில் வந்தாள். லேப்டாப் பேசவில்லை என்று காலையிலேயே அவளுக்குப் போன் போயிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னா சார் ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல தனம். பழைய மெஷின் இல்லியா, உள்ள பேட்டரி ஒண்ணு கம்மியா இருந்துச்சாம். சார் சரிபண்ணிட்டாரு. வா, போலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டை மூடி பீரோவில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு எழுதினார். முடிவு வந்தபோது பெயர் இருந்தது. ஊருக்குள்ளேயே ஒரு மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. எக்ஸ்சேஞ்சில் கடைசி நாள் இருவரும் சேர்ந்து என் அறைக்கு வந்தார்கள். ஏழுமலை என் கையைப் பிடித்து, "நீங்க இல்லன்னா இல்ல சார்" என்றார். எனக்குக் கூசியது. அன்று திரையைப் படிக்கச் சொன்னது அவர், படித்ததைப் புரிந்துகொண்டதும் அவர்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். டிஸ்க் போயிடுச்சு என்று நான் சொன்னதையும் சொன்னேன். அதை அவர் ஒரு நாளும் எனக்கு நினைவுபடுத்தியதில்லை. அதற்கும் சேர்த்து நன்றி சொன்னேன்.

அவரை எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் போட்டோ எடுக்க இழுத்துக்கொண்டு போனார்கள். தனம் வாசலில் தயங்கி நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? அது பேட்டரி இல்ல இல்லிங்களா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று பட்டது. "இல்லம்மா."

"அவருக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"அன்னிக்கே தெரியும்மா. முதல்ல கண்டுபுடிச்சதே அவர்தான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அன்னிக்கி நான் பயந்துக்கினே வண்டி ஓட்டினேன் சார். இப்ப கேப்பாரு, இப்ப கேப்பாருன்னு. அடி அண்ணாமலை போறவரைக்கும் பின்னால உக்காந்துக்கினு, நேத்து கூட்டம் எப்படி, எத்தினி ஜாதகம் போட்ட, யாரு யாரு வந்தாங்க, என்னா கேட்டாங்கன்னு ஒண்ணொண்ணா விசாரிச்சிக்கினே வந்தாரு. கல்யாணம் ஆகி ஒம்பது வருசத்துல என் கடையப் பத்தி அவரு கேட்டது அன்னிக்கித்தான் சார்."